விசில் அக்காவின் சாவி

எங்கள் பகுதி இளைஞர் மன்றம் மாலை நான்கு மணிக்குத் திறக்கும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. யார் திறப்பார்கள் என்று எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் விசில் அக்காவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடம் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். முழங்கால் தேய்ந்துபோய், ஓடுகிற வண்டியில் இனி நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பணிமனையில் ஒரு மேசையைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். உட்காரத்தான் அக்காவுக்கு வரவில்லை. நகராட்சி, இளைஞர் பணியாளர் என்ற பெயரில் ஒரு வேலைக்கு ஆள் தேடியபோது விண்ணப்பித்தவர் அவர் ஒருவர்தான்.

"போட்டியே இல்லாத இடத்துல மூணாவது தடவதான் ஜெயிச்சேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த வேலைக்கென்று உள்ள ஓராண்டுப் படிப்பின் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவர். படிவம், கட்டம், கோடிட்ட இடம் எதைக் கண்டாலும் இன்றைக்கும் அவர் முகம் சுருங்கும். ஆனால் கழுத்தில் பழைய விசில் தொங்குகிறவரை தன்னை யாரும் அசைக்க முடியாது என்பது போல நடப்பார்.

பேருந்துக் காலத்திலேயே அக்கா ஒன்றைக் கவனித்திருக்கிறார். பள்ளி நடக்கிற நேரத்தில் சில பிள்ளைகள் சீட்டு வாங்காமல் கடைசி இருக்கையில் ஒண்டிக்கொண்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்ப் போய் வருவார்கள். இறங்குவதற்கு அவர்களுக்கு இடம் கிடையாது. மற்ற நடத்துநர்கள் காதைத் திருகி இறக்கிவிடுவார்கள். அக்கா, அவர்களில் யார் அதிகம் அட்டகாசம் செய்கிறானோ அவனை முன்னால் கூட்டிவந்து விசிலைக் கையில் கொடுத்துவிடுவார். நிறுத்தம் வந்தால் ஊத வேண்டியது அவன் பொறுப்பு. ஊத மறந்தால், இறங்க முடியாமல் போனவர்கள் அவனைத்தான் பிடித்துக் காய்ச்சுவார்கள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்றாவது நாள் அந்தப் பயலே படிக்கட்டில் நிற்கிறவர்களை உள்ளே போகச் சொல்லி அதட்டிக்கொண்டிருப்பான்.

மன்றத்தில் விசிலுக்குப் பதிலாகச் சாவி.

மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்பு தபால் பிரித்த அறை. ஒரு சுவர் முழுக்க மரத்தாலான சின்னச் சின்னப் பெட்டிகள். கடிதங்கள் கிடந்த இடத்தில் இப்போது ஆளுக்கொரு பெட்டி. அடுத்தவர் பெட்டியைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். நடுவில் ஒரு மேசைப்பந்து மேசை. அதன் நான்காவது காலுக்கு நான் படித்த பொருளியல் புத்தகம் இரண்டு முட்டுக்கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். பட்டம் வாங்கியும் வேலையில்லாமல் இருந்தபோது, சும்மா இருப்பதற்கு மாலையில் இங்கே வந்து பாடம் சொல்லிக்கொடுக்கலாமே என்று வந்தேன். உதவி செய்ய வந்திருக்கிறேன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே அக்கா எனக்கு டிகிரி என்று பெயர் வைத்துவிட்டார்.

சாவி ஒன்றுதான். அது நல்ல பிள்ளைக்குப் பரிசாகப் போகாது. இருப்பவர்களில் யாரை நம்பவே முடியாதோ அவரிடம் போகும். இந்த முறையைப் பற்றி நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் காரணம் கேட்டாராம். நம்பக்கூடியவரிடம் கொடுத்தால் கதவு மட்டும்தானே திறக்கும் என்று அக்கா பதில் சொன்னதாகக் கேள்வி.

நான் வந்த இரண்டாம் மாதம் சாவி லேட்டுவிடம் போயிற்று.

லேட்டுக்குப் பத்தொன்பது வயது. பதினாறில் பள்ளியை விட்டவன். அம்மா அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறவர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். பத்து வயதுத் தங்கைக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்புவது லேட்டுவின் வேலை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவனுக்கு வேறு வேலையே இருக்கவில்லை. ஒருநாள் கூட்டாளிகள் இருவர் கைப்பேசிக் கடை ஒன்றின் பூட்டை உடைத்தபோது இவன் வாசலில் காவல் நின்றிருக்கிறான். போலீஸ் வந்ததும் அவர்கள் ஓடிவிட்டார்கள். ஓடுவதிலும் இவன் லேட்டு. வாரம் ஒருமுறை இளைஞர் பணியாளரிடம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அக்காவிடம் அனுப்பினார்கள். முதல் கையெழுத்துக்கே இரண்டு நாள் தாமதமாக வந்தான். அக்கா நோட்டை நீட்டுவதற்குப் பதிலாகச் சாவியை நீட்டினார்.

"நாளைக்கு நாலு மணிக்கு நீதான் திறக்கற."

"நான் வரலன்னா?"

"நாங்க வெளிய நிப்போம்."

மறுநாள் மழை. சும்மா மழையில்லை, சாலை தெரியாத மழை. வாசல் கூரை இரண்டு பேருக்குத்தான் போதும். நாங்கள் பதினான்கு பேர். எதிர்க்கடை முடிதிருத்துபவர், எங்கள் மன்றத்திலேயே வளர்ந்து கடை போட்டவர், மேசைப்பந்து ஆட வந்து மாட்டிக்கொண்டார். கடையில் போய் நிற்கலாமே என்று எல்லோரும் சொன்னோம். அக்கா அசையவில்லை. அக்கா நிற்கும்போது நாங்கள் எப்படிப் போவது? லேட்டு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து இருபது. தூங்கிவிட்டேன் என்றான். பையன்கள் அவனைக் கொத்துக்கறி போடாத குறை. அக்கா மட்டும் முக்காட்டைப் பிழிந்துகொண்டே, கதவைத் திற, உள்ளே போகலாம் என்றார். பிறகு ஒரு வாரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, விசிலால்தான் பேசினார்.

அடுத்த நாள் நாலு நாற்பது. அதற்கடுத்த நாள் நாலேகால். ஒன்பதாம் நாள் மூன்று ஐம்பத்தெட்டு. அதன்பின் ஒன்பது மாதத்தில் ஒருநாளும் நான்கு மணியைத் தாண்டவில்லை. ஆனால் பெயர் போகவில்லை. ஒட்டிக்கொண்ட பெயர் அவ்வளவு லேசில் உரியாது.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்கு ஒரு வருடப் பயிற்சி; பன்னிரண்டு இடம்; முடித்தால் வேலை உறுதி. பள்ளி இறுதி தாண்டாதவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்தக் கடைசி வரிக்காகவே அக்கா அதைப் பலகையில் நாலு ஊசி குத்தி மாட்டினார். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள்தான் நேரம். இப்படி ஒரு வரி திரும்ப எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

லேட்டு படித்துப் பார்த்துவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அக்கா எங்களை அழைத்துக் கண்டிப்பாகச் சொன்னார். அவனாகக் கேட்டால் ஒழிய யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அவன் வாழ்க்கையை அவனே நிரப்பட்டும்.

புதன்கிழமை மாலை அவன் பெட்டியில் விண்ணப்பப் படிவம் கிடப்பதைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்ற சட்டம் எனக்குத் தெரியும். பார்த்தேன். ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. அன்று லேட்டு தன்பாட்டுக்குப் பந்து அடித்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள்.

வீட்டுக்குப் போய் வேறொரு படிவத்தை நானே நிரப்பினேன். நல்ல நோக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிப்பில் இருந்த இரண்டு வருட ஓட்டையை 'குடும்பப் பொறுப்புகள்' என்று மூடினேன். கதவு திறந்ததை 'நிறுவன நிர்வாகத்தில் அனுபவம்' என்று எழுதினேன். எனக்காக நான் அதுவரை அனுப்பியிருந்த நாற்பது விண்ணப்பங்களிலும் இதே பாஷைதான். கையெழுத்துப் போட மனம் வரவில்லை; 'பின்னர் இடப்படும்' என்று ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினேன். தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்து வியாழன் காலை பயிற்சி அலுவலக வாசலில் இருந்த விண்ணப்பப் பெட்டியில் போட்டுவிட்டு, அன்றிரவு ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியுடன் தூங்கினேன்.

அடுத்த திங்கள் எனக்கு அழைப்பு வந்தது. செவ்வாய் காலை பத்து மணிக்குப் பயிற்சி அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். காரணம் சொல்லவில்லை.

அலுவலகம் மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் 'பழுது' என்று பலகை தொங்கியது. மூச்சு வாங்க ஏறிப் போனால், தாழ்வாரத்துப் பெஞ்சில் முடிதிருத்துபவர். என்னைப் பார்த்ததும், ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். நானும் யாரையோ பார்க்க வந்ததாகச் சொன்னேன். அவருக்குப் பக்கத்தில் லேட்டுவின் அம்மா, தங்கையை மடியில் இருத்திக்கொண்டு. இந்த மாடியைப் பெருக்க ஆள் கேட்டார்கள் என்றார் அம்மா. தங்கை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். பெஞ்சின் கடைசியில் லேட்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பது மணியிலிருந்து அங்கே இருக்கிறானாம். எங்களை ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டிருக்கிறான்.

கீழே படிக்கட்டில் யாரோ ஒரு படிக்கு ஒரு முனகலாக ஏறி வரும் சத்தம் கேட்டது. முதலில் விசில் தெரிந்தது, பிறகு அக்கா. எங்களைப் பார்த்ததும் நின்றார். திரும்பி இறங்கிவிடலாமா என்று அவர் முழங்காலிடம் கேட்டது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"வாங்கக்கா. நீங்களும் யாரையாச்சும் பாக்க வந்தீங்களா?" என்றான் லேட்டு.

பயிற்சி அதிகாரி ஒல்லியான மனிதர். மேசையில் உட்கார்ந்து பல வருடமாகியும் நக இடுக்கில் கிரீஸ் கறுப்பு போகாதவர். எங்கள் எல்லோரையும் உள்ளே அழைத்து, ஐந்து விண்ணப்பங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பினார். ஐந்திலும் ஒரே பெயர். ஐந்து புகைப்படங்கள், ஐந்து விதமான தலைமுடி. முடிதிருத்துபவரின் விண்ணப்பத்தில் இருந்த முடிதான் பிரமாதம். அவர் கடைக் கண்ணாடியில் மாட்டியிருந்த படம் அது. லேட்டுவின் உயரத்தையும் அவர் நாலு அங்குலம் கூட்டியிருந்தார். அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதியதில், ஓரம் முழுக்க வண்ணப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. சிறப்புத் திறமை என்ற இடத்தில் 'இரட்டைச் சடை நன்றாகப் பின்னுவான், இறுக்காமல்' என்று இருந்தது. அக்காவுடையது பேருந்தின் பயணக் குறிப்பு போல ஒரே நேரமும் தேதியுமாக இருந்தது. கட்டத்துக்கு வெளியேதான் பாதி எழுத்து.

அதிகாரி லேட்டுவைப் பார்த்து, "இதுல எது தம்பி நீ?" என்றார்.

லேட்டு விரலை நீட்டினான். அவனுடையதில் முத்திரை திங்கட்கிழமை, காலை ஒன்பது ஐந்து. விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய முதல் நாள், முதல் ஐந்து நிமிடத்தில் அவன் கொடுத்துவிட்டிருக்கிறான். தப்பு வந்தால் மாற்றி எழுத இரண்டு படிவம் வாங்கியிருக்கிறான். தப்பு வரவில்லை. மிஞ்சியதைப் பெட்டியில் போட்டுவிட்டான். நாங்கள் பார்த்தது அதைத்தான்.

விதிகளின் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்ததை அதிகாரி காட்டினார். ஒருவர் பெயரில் ஒன்றுக்கு மேல் வந்தால் எல்லாமே தள்ளுபடி. பட்டம் வாங்கிய நான் அதைப் படிக்கவில்லை.

"லிஃப்டுக்காக நிக்கறோம். பொத்தான ஒருத்தர் அமுக்கியாச்சு. அப்புறம் நாலு பேர் வந்து மாத்தி மாத்தி அமுக்கினா சீக்கிரம் வருமா? சில நேரம் நின்னே போயிடும்" என்றார் அவர்.

ஒன்பது மாதம் அவன் நேரத்துக்கு வந்து சேர்த்ததை நாங்கள் நாலு பேர் அன்பினால் ஒரே வாரத்தில் கவிழ்த்திருந்தோம்.

அதிகாரி கொஞ்ச நேரம் எங்களை வேக விட்டுவிட்டு வழி சொன்னார். மற்ற நாலும் அவனுக்குத் தெரியாமல் போட்டவை என்று போட்டவர்களே தனித்தனியாக எழுதிக் கையொப்பமிட்டால், அவனுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஏன் போட்டோம் என்ற காரணமும் எழுத வேண்டும். கோப்பில் இருக்க வேண்டுமல்லவா? லேட்டு அவற்றைப் படித்து, தனக்குத் தெரியாது என்று கீழே கையெழுத்திட வேண்டும்.

காரணம் எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. 'அக்கறையினால்' என்று எழுதினேன். அடித்தேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. முடிதிருத்துபவர் என் தாளை எட்டிப் பார்த்து, நீ என்ன எழுதுகிறாயோ அதையே நானும் எழுதுகிறேன் என்றார். கடைசியில் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒன்றையே எழுதினோம். அக்காதான் கடைசியாக முடித்தார். மொத்தம் இரண்டு வரி. 'இவன் நேரத்துக்குச் செய்ய மாட்டான் என்று நினைத்தேன். இவனிடம் சாவியைக் கொடுத்தவளும் நான்தான்.'

லேட்டு மற்ற மூன்றையும் சிரித்துக்கொண்டே படித்துக் கையெழுத்திட்டான். இதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, தேர்வு வியாழக்கிழமைதானே சார் என்று கேட்டுக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

அன்று மாலை நாங்கள் மூன்றரைக்கே மன்ற வாசலில் இருந்தோம். நான்கு மணி ஆயிற்று. லேட்டு வரவில்லை. நாலேகால். அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தபடி நின்றார். அவன் இனி வரமாட்டான், வியாழக்கிழமைத் தேர்வுக்கும் போகமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

நாலு முப்பத்தைந்துக்கு, எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குள்ளிருந்து லேட்டு வெளியே வந்தான். நிதானமாகச் சாலையைக் கடந்தான். முடிதிருத்துபவர் இந்தப் பக்கம் வந்ததும் பின்வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்து எங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீங்க எதிர்பாத்த மாதிரியே வந்துட்டேன்" என்று பூட்டில் சாவியை நுழைத்தவன், திருப்பாமல் நின்றான். "ஒண்ணு கேக்கணும்க்கா. இந்தச் சாவியக் குடுத்தப்பவும் நம்பித்தான் குடுத்தீங்களா, இல்ல சும்மா நாடகமா?"

அக்கா கைப்பையைத் திறந்து, உள்ளே ஜிப் போட்ட இடத்தில் விரலை விட்டு, ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். அதே சாவி. அதே பூட்டுக்கு இன்னொன்று.

"இது எப்பலருந்து?"

"மொத நாள்லருந்து."

லேட்டுவின் முகம் செத்துவிட்டது. அவன் ஏதோ சொல்லப் போய், நின்று, நெற்றியைச் சுருக்கினான். எனக்கும் அதே நேரத்தில்தான் அது உறைத்தது.

"மழை பெஞ்ச அன்னைக்கும் பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒரு மணி இருபது நிமிஷம் நனைஞ்சீங்களே."

"திறந்திருந்தா நீ வந்து பாக்கறப்ப கதவு திறந்து கிடந்திருக்கும்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்குப் பொறுத்தேன்டா. இந்த வாரம் என்னால பொறுக்க முடியல. பயந்துட்டேன். உனக்குன்னு வந்த ஒரே வரி அது" என்றார்.

லேட்டு அந்தச் சாவியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பேசுவதற்குள் முடிதிருத்துபவர் முந்திக்கொண்டார். பையில் சாவியை வைத்துக்கொண்டா எங்களை நனைய விட்டீர்கள், எனக்கு அன்றைக்கு வந்த காய்ச்சல் நாலு நாள் கடையை மூட வைத்ததே என்று ஆரம்பித்தார். பையன்கள் ஆளாளுக்குத் தங்கள் சளி, இருமல், ஊறிப்போன செருப்புக் கணக்கை எடுத்துவிட்டார்கள். அக்கா விசிலை வாயில் வைத்து ஒரே ஊது ஊதினார். யாரும் அடங்கவில்லை. லேட்டுதான் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளி, "உள்ள போய் திட்டுங்க, கால் வலிக்கும் அவங்களுக்கு" என்றான்.

வியாழக்கிழமைத் தேர்வில் அவனுக்குப் பதினோராவது இடம் கிடைத்தது. அதிகாரி அவன் விண்ணப்பத்தில் ஒரு வரியைக் காட்டி விளக்கம் கேட்டாராம். அனுபவம் என்ற கட்டத்தில் அவன் எழுதியிருந்தது இது: 'இரண்டு வருடம் எதுவும் செய்யவில்லை. பிறகு ஒன்பது மாதமாகக் கதவு திறக்கிறேன். முதல் நாள் லேட்.' லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஆள் எப்போது வருவார் என்பதுதான், காத்திருந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாராம். பதினான்கு பேரை எனக்கு நேரிலேயே தெரியும் சார் என்றானாம் இவன்.

பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாவியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். இருப்பவர்களில் யாரை நம்பவே முடியாதோ அவரிடம். லேட்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் முன்னால் நின்றான்.

நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் என்றேன். வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை, வந்தால் நாலரைக்கு, அதிலும் அடுத்தவன் பெட்டியைப் பார்க்கிற ஆள் என்று அவன் விரல்விட்டுச் சொன்னான். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மேசைப்பந்து மேசையின் காலுக்குக் கீழே என் புத்தகம் நகர்ந்துவிட்டதா என்று குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மூன்றரைக்கே போய்த் திறந்துவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், எனக்காக ஒரு விண்ணப்பத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். ஒரு வருடம் வேலை கிடைக்கவில்லை என்று உள்ளது உள்ளபடி முதல் வரியை எழுதி, அடுத்த வரிக்கு யோசித்துக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. அடித்துப் பிடித்து ஓடி வந்தபோது மணி நாலு பத்து. பன்னிரண்டு பேர் வெயிலில் நின்றார்கள். முடிதிருத்துபவர் கையால் விசிறிக்கொண்டே, உள்ளங்காலே வெந்துவிட்டது என்றார்.

அக்காவின் கைப்பை மூடியே இருந்தது.